கேள்வி கேட்காத இங்கிலீஷ்

கம்பத்தில் நடந்த வாத்தியார்கள் கூட்டத்தில் ஒரு புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆங்கில இலக்கணம். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே வரிசையாக எடுத்துக்காட்டுகள் அச்சாகியிருந்தன, கடைசிப் பக்கங்களில் விடைகளும் இருந்தன. வாத்தியார் செய்ய வேண்டியது பக்கத்தைத் திருப்புவது ஒன்றுதான். நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினேன். அவர் இளைய வாத்தியார், சும்மா இருக்கவில்லை.

"உங்க காலத்துல எடுத்துக்காட்டுக்கு என்ன செஞ்சீக?" என்று கேட்டார்.

"வண்டி கட்டிக்கிட்டுப் போயித் தேடுனோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றவன் உண்மையைச் சொன்னாலும் அந்த மரியாதைதான் கிடைக்கும். கூட்டம் முடிந்த பிறகு, எழுதிக் கொடுத்தால் அச்சில் போடுகிறோம் என்றார்கள். ஆகவே எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நான் ராயப்பன்பட்டிக்காரன், பெயர் சூசை. ஆசிரியர் பயிற்சியைத் திண்டுக்கல்லில் முடித்தேன். அங்கே கற்றதில் கடைசிவரை உதவியது ஒன்றுதான். கரும்பலகையை மேலிருந்து கீழே துடைக்க வேண்டும், மாற்றித் துடைத்தால் தூள் கண்ணில் விழும். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை கூடலூர்ப் பள்ளியில் கிடைத்தது. பேரியாற்றில் அணை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கிய சாமான் எல்லாம் மாட்டு வண்டிகளில் தேனி, சின்னமனூர், கம்பம் வழியாக எங்கள் ஊருக்கு வரும். இங்கிருந்து மலையேறும். பள்ளிக்கூடத்து வாசலில் நின்றால் பீப்பாயும் பெட்டியும் தகரமும் நாள் முழுக்கப் போவதைப் பார்க்கலாம். அவற்றின் மேலெல்லாம் இங்கிலீஷ் எழுதியிருக்கும். அந்த இங்கிலீஷை வைத்து ஒருவர் பள்ளிக்கூடமே நடத்துவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அவர்தான் தலைமையாசிரியர் அருளப்பர். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு இருப்பார், வலது கை விரல்களில் எப்போதும் கரி ஒட்டியிருக்கும். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழும், மரியாதை கூடும். 'ஏலே' என்று கூப்பிட்டால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். 'தாங்கள்' என்று ஆரம்பித்தால் தலைமறைவாகிவிட வேண்டும்.

எனக்கு முதல் நாளே 'தாங்கள்' கிடைத்தது. ஆறாம் வகுப்புக்குச் செயப்பாட்டு வினை நடத்திக்கொண்டிருந்தேன். புலி வேடனால் கொல்லப்பட்டது என்று ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதியிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"தாங்கள் அந்தப் புலியைப் பார்த்தீர்களா?"

"இல்லைங்கய்யா."

"வேடனையாவது?"

"இல்லைங்கய்யா."

"பிறகு எதற்காகக் கொன்றீர்கள்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பலகையை அவரே துடைத்தார், கீழிருந்து மேலே. தூள் முழுக்க என் கண்ணில் விழுந்தது.

அன்று சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "சூசை, நாமளா உண்டாக்குற வாக்கியம் நம்ம சொன்ன பேச்சக் கேக்கும். எவனோ எங்கயோ எழுதி வச்சது கேக்காது. பயலுக நாளைக்குப் படிக்கப் போறது அதத்தான். அதனால நம்ம பள்ளிக்கூடத்துல எடுத்துக்காட்டு உண்டாக்குறது கிடையாது. தேடிப் பிடிக்கிறதுதான்."

சனிக்கிழமை தேடுவது, திங்கட்கிழமை விசாரணை. இதுதான் முறை. எங்கே ஆங்கிலம் எழுதியிருந்தாலும் அதன் எதிரே போய் நின்று படிக்க வேண்டும். பொருளைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, வாக்கியத்தை மட்டும் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தவன் எழுந்து நின்று மூன்று தடவை சொல்வான். முதல் தடவை நிறுத்தி நிதானமாக. இரண்டாம் தடவை தமிழில். மூன்றாம் தடவை, அந்த வாக்கியம் யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் வகுப்பிலே ஒருவரை அந்த ஆளாக்கிக்கொள்ளலாம். இதில்தான் அருளப்பர் உயிரை வைத்திருந்தார். "இது யாரப் பாத்துச் சொல்லுது?" என்று கேட்காமல் எந்த வாக்கியத்தையும் விடமாட்டார்.

விசாரணையில் தேறியது சுவரில் ஏறும். வகுப்பின் வடக்குச் சுவரைச் சுண்ணாம்படித்து, கரியால் கோடு போட்டு, ஏவல், எதிர்மறை, செயப்பாட்டு, நிபந்தனை, வினா என்று பத்தி பிரித்து வைத்திருந்தார். முக்காலியில் ஏறி அவரே எழுதுவார். வாக்கியம் ஆங்கிலத்தில், பக்கத்தில் தமிழில் 'இடம்', 'யாரிடம்' என்று இரண்டு குறிப்பு.

நிபந்தனை வாக்கியம் கிடைத்த நாள் நினைவிருக்கிறது. கொயினா மருந்துப் புட்டியில் இருந்தது: 'இஃப் தி ஃபீவர் ரிட்டர்ன்ஸ், ரிபீட் தி டோஸ்.' காய்ச்சல் திரும்பினால் மருந்தையும் திரும்பக் கொடு. மூன்றாம் தடவைக்கு ஒருவனைப் பெஞ்சில் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள். அவன் நடுங்கின நடுக்கத்தில் பெஞ்சு சாய்ந்தது. 'இடம்: மருந்துப் புட்டி. யாரிடம்: காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம்' என்று சுவரில் ஏறியது. தீப்பெட்டியிலிருந்து ஒன்று, மண்ணெண்ணெய்த் தகரத்திலிருந்து ஒன்று, பிஸ்கட் டப்பாவிலிருந்து உலகத்திலேயே சிறந்தது என்று ஒன்று. சோப்புக் காகிதத்திலும் அதே உலகத்திலேயே சிறந்தது வந்தபோது, "உலகத்துல எத்தன பெஸ்டுய்யா இருக்கு?" என்று அருளப்பர் சலித்துக்கொண்டார்.

ஏவலுக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். நனைய விடாதே. தொடாதே. நெருப்புக் கொண்டுவராதே. செயப்பாட்டும் அப்படித்தான், அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவார்கள், வேலைக்காரர்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். யாரால் என்று மட்டும் இருக்காது. "யாராலன்னு போடலியே ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "அதுலதான்யா அவுகளுக்கு வசதி" என்றார் அருளப்பர்.

சுவர் நிறைய நிறைய எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த இங்கிலீஷ் முழுக்க அதட்டல்தான். சுமை தூக்குகிறவனை அதட்டியது, சமையல்காரனை அதட்டியது, வேலியைத் தாண்டுகிறவனை அதட்டியது. அருளப்பரும் அதைக் கவனித்திருந்தார். ஒருநாள் கையில் கரியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "சின்ன வயசுலேருந்து இந்தப் பாசையப் படிக்கிறேன் சூசை. 'யாரிடம்'னு எத்தன பேரு எழுதியிருக்கேன். ஒண்ணாச்சும் என்னயப் பாத்துப் பேசியிருக்கா?" என்று சொல்லிச் சிரித்தார்.  நானும் சிரித்து வைத்தேன்.

வினாப் பத்தி மட்டும் காலியாக இருந்தது. தேனிக்கும் கூடலூருக்கும் நடுவே எழுதிவைத்த ஆங்கிலக் கேள்வி ஒன்றுகூட இல்லை. குதிரைக்கொம்புதான். பீப்பாய் எதற்குக் கேள்வி கேட்கப்போகிறது?

அந்தக் காலி இடத்தால்தான் வினை வந்தது. மதுரையிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா சோதனைக்கு வந்தார். உயரமான தலைப்பாகை, அதைவிட உயரமான குரல். எங்கள் சுவரை ஒரு பார்வை பார்த்தார். மூக்கைச் சுளித்தார். ஆறாம் வகுப்பில் ஒருவனை எழுப்பி, "ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வாக்கியம் சொல், ஏதாவது ஒன்று" என்றார்.

உன் பெயர் என்ன என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் பயல் சுவரைப் பார்த்தான், காலிப் பத்தியைப் பார்த்தான், "இன்னும் கிடைக்கலைங்கய்யா" என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். வகுப்பு முழுக்க ஒரே பதில். தேடிப் பிடிக்காத வாக்கியத்தைச் சொல்வது எங்கள் பள்ளியில் பொய் சொல்வதற்குச் சமம்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "கேள்வி கேட்கத் தெரியாத ஆறாம் வகுப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் இந்த வகுப்பு இங்கே இருக்காது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

ஆறாம் வகுப்பு போனால் முதலில் போகிறவன் அதை நடத்தும் நான். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். என்னைவிட அதிகமாகப் பதறியவன் ஒருவன் இருந்தான், மொக்கைச்சாமி. ஆறாம் வகுப்பு மாணவன் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட மூத்தவன், முறுக்கு மீசைக்காரன், சொந்தமாக வண்டியும் மாடும் பெண்டாட்டியும் உண்டு. ரயிலடியிலிருந்து அணை வேலை முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரன். முகாம் ஸ்டோரில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்கு ஆறாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று தெரிந்ததும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டான். வாரத்தில் பாதி நாள் வண்டியோடு போய்விடுவான். "ரோட்டுல வாசிக்கிறானய்யா, அதுவும் ஆசர்தான்" என்று அருளப்பர் வருகை போட்டுவிடுவார். இங்கே வகுப்பு போய்விட்டால் பெரியகுளத்துக்குத்தான் போய்ப் படிக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவான்?

நான் அருளப்பரிடம் சண்டை பிடித்தேன். "என்ன பேருன்னு ஒரு கேள்விய எழுதிப் போட்டா முடிஞ்சது ஐயா. எதுக்கு இம்புட்டு வீம்பு?"

"அத எங்கன படிச்சீக?"

"எங்கயும் படிக்கல. ஆனா எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். குரல் தாழ ஆரம்பித்தது. 'தாங்கள்' வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். வேலை போகப்போகிற ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரை மனசுக்குள் திட்டினேன்.

அப்புறம்தான் வண்டி கட்டிக்கொண்டு தேடினோம். சனிக்கிழமைகளில் மொக்கைச்சாமியின் வண்டியில் நானும் ஏறிக்கொள்வேன். வழி நெடுகப் பெருமை பேசுவான். "சின்ன வாத்தியாரே, தேனி வரைக்கும் இருக்கிற இங்கிலீசு பூராம் எனக்கு மனப்பாடம். எந்தப் பாலத்துல என்ன எழுதியிருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்." சொல்லவும் செய்வான். பாதி தப்பாக இருக்கும். எல்லாம் தேடினோம், பாலம், பங்களா, சாராயக் கடை, வெள்ளைக்காரர் கல்லறைகூட. இங்கே இறந்த இன்னார் என்று கல்லறையில் கிடைத்ததே ஒழிய ஒரு கேள்வி கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது சுவரில் ஒரு பெரிய பலகை சாய்ந்திருந்தது. அடியில் ஈர மண் ஒட்டிய இரண்டு கால்கள். 'ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்.' மொக்கைச்சாமி பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"எங்கருந்துய்யா இது?"

"ஓவர்சியர் தொர தோட்டத்துலருந்து. பின்னாடி ஏதும் கேள்வி எழுதியிருக்குமோன்னு பிடுங்கிப் பாத்தேன். எழுதல. திருப்பி நட நேரமில்ல, வண்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் குதிரை வந்து நின்றது. அணை முகாமின் ஓவர்சியர் துரை. முட்டைக்கோஸ் தோட்டத்தை ஆடுகள் மேய்ந்துவிட்டனவாம். உள்ளே வந்தார், பலகையைப் பார்த்தார், கத்தினார். "ஹூ ஹேஸ் டேக்கன் மை போர்டு?"

 ஒருவன் எழுந்து, "கேள்வி! கேள்வி!" என்று கூவினான். அடுத்த நொடி எல்லோரும் பெஞ்சு மேல் நின்றார்கள். நானும் கைதட்டினேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கோபமாக வந்த துரை, தம்மை இவர்கள் கொண்டாடுகிறார்களா கேலி செய்கிறார்களா என்று தெரியாமல் கதவைப் பார்த்துப் பின்வாங்கினார்.

அருளப்பர் கையை உயர்த்தினார். "செல்லாது. இது காதால கேட்டது. கண்ணால படிச்சதுதான் சுவத்துல ஏறும்." பெஞ்சு மேல் நின்றவர்கள் முகம் தொங்க இறங்கினார்கள். பிறகு அவர் துரையிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பலகை அன்றே திரும்பிவரும் என்றார். விஷயம் என்ன என்றும் விளக்கினார்.

"போர்டு இல்லாமத்தான் ஆடு வந்துது" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில்.

"ஆடு என்ன இங்கிலீசு படிச்சிருக்கா?" என்று மொக்கைச்சாமி முணுமுணுத்தான். நல்லவேளை, அது துரைக்குப் புரியவில்லை.

போகும்போது அவர் சுவரைப் படித்துக்கொண்டே போனார். காலிப் பத்தியின் முன் கொஞ்சம் நின்றார். தம் முகாமில் இருக்கும் பலகைகளை எல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்தார் போலும். "அங்கேயும் கேள்வி இல்லே" என்று தலையை ஆட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

இன்ஸ்பெக்டர் வரப்போகும் வாரமும் வந்துவிட்டது. நான் பெட்டி படுக்கையைக் கட்டாத குறைதான். அப்போது மொக்கைச்சாமி வண்டியை வாசலில் விட்டபடியே வகுப்புக்குள் ஓடிவந்தான். கையில் கசங்கிய காகிதம். கம்பத்தில் வறுகடலை வாங்கித் தின்றிருக்கிறான், கடைசிக் கடலையை எடுக்கும்போது பொட்டலத்தின் உள்பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. பழைய மதராஸ் பத்திரிகைத் தாள். அடர்ந்த முடியோடு ஒரு வெள்ளைக்காரன் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இஸ் யுவர் ஹேர் ஃபாலிங் ஆஃப்?'

முடி கொட்டுகிறதா என்று கேட்கிறது. தைல விளம்பரம். அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது. என்ன தைலம், எப்படித் தேய்ப்பது என்ற பாதியை இன்னொரு பொட்டலமாகச் சுருட்டி யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். மொக்கைச்சாமி கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். "வித்துப் போச்சப்பா" என்றாராம்.

"பதிலு எதுக்கு? நமக்குக் கேள்விதான வேணும்" என்றேன் நான். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. விசாரணையில் வழுக்கைத் தலை யாரும் கிடைக்காததால் மூன்றாம் தடவை என்னைப் பார்த்துத்தான் கேட்டான். அப்போது எனக்குத் தலை கொள்ளாத முடி. அருளப்பர் முக்காலியில் ஏறி வினாப் பத்தியில் முதல் வரியை எழுதினார். 'இடம்: கடலைப் பொட்டலம். யாரிடம்: முடி கொட்டுகிறவரிடம்.'

இன்ஸ்பெக்டர் வந்தார். நேராகச் சுவருக்குப் போனார். வினாப் பத்தியில் ஒரு வரி இருப்பதைக் கண்டார், படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதைக் கண்டுபிடித்தவன் யார்? எழுந்து சொல்."

மொக்கைச்சாமி எழுந்தான். மீசைக்கு அன்று எண்ணெய் போட்டிருந்தான். முதல் தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். இரண்டாம் தடவை தமிழில் சொன்னான். அதோடு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். முறை முறைதானே? மூன்றாம் தடவை யாரைப் பார்த்துச் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தான். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பிறர் தலையில் முடி இருப்பது அவனுக்குத் தெரியும். தெரியாத தலை அங்கே ஒன்றுதான் இருந்தது, தலைப்பாகைக்குள்.

மேஜைவரை நடந்து போனான். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, வீட்டு மனுஷரை விசாரிக்கிற அக்கறையோடு கேட்டான்.

"இஸ் யுவர் ஹேர் ஃபாலிங் ஆஃப்?"

அருளப்பர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கல்யாணம் நின்றுபோனதாகவே பட்டது. வெளியே மொக்கைச்சாமியின் மாடு தலையை ஆட்டிய மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டரின் கை மெல்ல எழுந்து தலைப்பாகையைத் தொட்டது.

"யெஸ்" என்றார். குரல் எப்போதும் போல உயரமாக இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "வாட் இஸ் தி ரெமெடி?" என்று கேட்டார்.

என்ன வைத்தியம் என்று கேட்கிறார். அதற்குப் பதில் எந்தச் சுவரிலும் இல்லை. எந்தத் தகரத்திலும் பலகையிலும் இல்லை. மொக்கைச்சாமியின் மீசை துடித்தது. அவன் சுவரைப் பார்த்தான், செயப்பாட்டுப் பத்தியில் கண் போயிற்று, வாய் அசைந்தது. பிறகு சொன்னான்.

"தி ஆன்ஸர் வாஸ் ஸோல்ட், சார்."

பதில் விற்றுப் போய்விட்டது ஐயா. முழு விவரமும் அருளப்பர் சொல்லித்தான் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் தலைப்பாகை ஒரு பக்கம் நகர்ந்தது. பார்த்ததைப் பார்க்காதது போல வகுப்பே குனிந்துகொண்டது.

"பள்ளி பள்ளியாகப் போகிறேன்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "எல்லாக் கேள்வியும் நான்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் ஒருவன் என்னைக் கேட்டான். ஆறாம் வகுப்பு இருக்கட்டும், மிஸ்டர் அருளப்பர்."

அவர் வண்டி மறைந்ததும் வகுப்பில் திருவிழாதான். பதில் விற்றுப்போன வாக்கியத்தையும் சுவரில் எழுத வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். அருளப்பர் அசையவில்லை. "எங்கன படிச்ச?" என்றார் மொக்கைச்சாமியிடம்.

"படிக்கல ஐயா. அதுவா வந்துச்சு."

"அப்ப ஏத்த முடியாது. ஏலே, உனக்கு எழுத வருதுல்ல? எங்கயாச்சும் ஒண்ண எழுதி வையி. நான் வந்து நின்னு படிக்கிறேன்."

அவனுக்கு முதல் தடவையாக அன்றுதான் 'ஏலே' கிடைத்தது. அதுவரை பெரிய ஆள் என்று கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்.

மொக்கைச்சாமி தேறினான். மலையடிவார முகாமில் ஸ்டோர் ரைட்டர் வேலையும் கிடைத்தது. எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. வினாப் பத்தியில் அந்தத் தலைமுடி ஒன்றுதான் தனியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அவன் வண்டி வந்தது, ஓட்டிவந்தது அவன் தம்பி. "பெரிய வாத்தியார வரச் சொல்லுச்சு அண்ணன். அங்கன ஒரு வாக்கியம் இருக்காம். நின்னு படிக்கணுமாம்."

அருளப்பருக்கு அப்போது முழங்கால் வலி. மறுபேச்சில்லாமல் கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு ஏறினார், நானும் ஏறினேன். முகாமில் ஸ்டோர் கதவுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. முன்பு அதில் உள்ளே வராதே என்றுதான் எழுதியிருந்தது, நானே படித்திருக்கிறேன். மொக்கைச்சாமி ஓவர்சியரைக் கேட்டு, அதைப் பிடுங்கித் திருப்பி, பின்பக்கத்தில் தாரால் எழுதி மாட்டியிருந்தான். எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தது.

அருளப்பர் அதன் எதிரே போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"வாட் டு யு வான்ட்?"

பிறகு தமிழில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

மூன்றாம் தடவைக்கு யாரைப் பார்ப்பது என்று திரும்பினார். நான் தள்ளி நின்றிருந்தேன். கதவுக்கு எதிரே நின்றவர் அவர் ஒருவர்தான். அது விளங்கியதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து மொக்கைச்சாமி வந்து, "சொல்லுங்கய்யா, என்ன வேணும்?" என்றான்.

அருளப்பர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். 

"ஏலே மொக்க," என்றார் கடைசியில், "ஒரு கரித்துண்டு இருக்குமாடா?"

கொல்லர் பட்டறையிலிருந்து நல்ல கரியாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். வழி முழுக்க அருளப்பர் அதைக் கோட்டுப் பையில் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை. பள்ளியைத் திறக்கச் சொல்லி, என்னை முக்காலியைப் பிடிக்கச் சொல்லி, முழங்கால் வலியோடு ஏறினார். வாக்கியத்தை எழுதினார். 'இடம்: ஸ்டோர் கதவு' என்று எழுதினார். 'யாரிடம்' என்று எழுதி, கொஞ்ச நேரம் கரியைச் சுவரில் ஊன்றியபடி நின்றார்.

பிறகு, 'என்னிடம்' என்று எழுதினார்.

இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "கதவச் சாத்துங்க சூசை, நேரமாச்சு" என்றார்.